குட்டி யானை எந்தக் காலடிக்குப் போகும்

டென்மார்க்கின் சில்க்போர்க்கில் நான் வேலை செய்த அனிமேஷன் ஸ்டூடியோவிலிருந்து சென்ற மாதம் காப்பி குடிக்க வரச் சொல்லியிருந்தார்கள். நான் ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. என் மேசை இருந்த மூலையில் இப்போது பெரிய திரை ஒன்று, அதன் முன்னால் இரண்டு இளம் பெண்கள். சொன்ன மாத்திரத்தில் எந்த விலங்கையும் நடக்க வைக்கும் புது மென்பொருள் ஒன்றை அவர்கள் எனக்குக் காட்டினார்கள். எனக்கு மரியாதை செய்வதற்காக, தாயைத் தேடிவரும் யானைக் குட்டி என்று தட்டச்சு செய்தார்கள். குட்டி வந்தது. தோலின் சுருக்கம், வால் நுனி மயிர் எல்லாம் அச்சொட்டாக இருந்தன. துள்ளிக்கொண்டு ஓடி வந்த குட்டி, நேரே போய்த் தாயின் பின்னங்கால்களுக்கு நடுவில் தலையை நுழைத்துப் பால் தேடியது.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஏன் என்று கேட்டார்கள். டேனிஷில் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்தேன். நான் குடியிருக்கும் பிராண்டே ஊருக்குத் திரும்பிக் கார் ஓட்டி வரும் வழியெல்லாம், சொல்லாமல் விட்டதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தன. அவற்றைத் தமிழில்தான் எழுத முடியும்.

நான் இந்த வேலைக்கு வந்தது ஒரு விபத்து. அகதியாக வந்து பிராண்டேயில் குடியேறியதும், அங்கிருந்த பின்னலாடை ஃபாக்டரி ஒன்றில் ஒன்பது வருடம் நின்றேன். ஸ்வெட்டர் பின்னும் இயந்திரங்களுக்கு நடுவில் நின்றபடி, வீணாய்ப்போன அட்டைகளில் பென்சிலால் எதையாவது கிறுக்குவேன். ஃபாக்டரி வெளிநாட்டுக்குப் போனதும் எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். நகரசபைக்காரர்கள் என்னை ஒரு வரைதல் வகுப்புக்கும், அங்கிருந்து சில்க்போர்க் ஸ்டூடியோவுக்குப் பயிற்சிக்கும் அனுப்பினார்கள். மூன்று மாதம் என்று போனவள் அங்கேயே தங்கிவிட்டேன்.

வேலையைச் சொன்னால் எங்கள் ஆட்களுக்கு விளங்காது. முக்கியமான அசைவுகளைப் பெரிய ஓவியர் வரைவார். ஒரு படத்தில் கால் தரையில் இருக்கும், அடுத்ததில் காற்றில் இருக்கும். அவற்றுக்கு இடையில் அந்தக் கால் எப்படிப் போனது என்று ஐந்தாறு இடைப்படங்கள் வரைய வேண்டும். அதுதான் என் வேலை. கீழிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி மேசையில் ஒரு தாளுக்கு மேல் இன்னொன்றாக வைத்து, விரல்களுக்கு இடையில் தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து வரைவோம். நாள் முழுக்க அப்படி இருந்தால் அரைத்தூக்கம் போல ஒரு மயக்கம் வரும். வெளியே ஏரியில் மூடுபனி, உள்ளே தாளுக்கு அடியில் வெளிச்சம், நடுவில் ஒரு வாத்தோ நரியோ அரையும் குறையுமாக அசைந்துகொண்டிருக்கும். அந்த மயக்கத்துக்குச் சம்பளமும் தந்தார்கள். நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஃபாக்டரியில் ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட நான் அப்படி இருந்ததில்லை.

எங்கள் பகுதிக்குத் தலைவி இங்கர். ஆறடி உயரம், அகன்ற தோள், தரையைப் பார்த்தபடியே நடப்பாள். தரையைப் பார்ப்பது கவலையால் அல்ல, மனிதர்களுடைய கால்களைப் பார்க்கத்தான். ஒருவருடைய படத்தை அவள் சரியில்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. தாள்களை எடுத்து, முன்னும் பின்னுமாக நாலு முறை புரட்டுவாள். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு நடைபாதைக்குப் போய், அந்த விலங்காக நடப்பாள். நரி என்றால் நரி, வாத்து என்றால் வாத்து. ஐம்பது வயதுப் பெண் முழங்காலில் நின்று வாலாட்டுவதைப் பார்த்து முதல் நாள் நான் திகைத்துப் போனேன். நாங்கள் வரைந்தபடி நடந்து பார்ப்பாள். எங்காவது கால் தடுக்கினால் எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு, "இகென்" என்பாள். திரும்ப வரை என்று அர்த்தம். தடுக்காவிட்டால் ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போடுவாள்.

அந்த ஸ்டூடியோவில் இன்னொரு வழக்கமும் இருந்தது. டென்மார்க்கில் பல வேலையிடங்களில் இருப்பதுதான். யாராவது பிழை விட்டால், வெள்ளிக்கிழமை காலை அவர் எல்லோருக்கும் கேக் கொண்டுவர வேண்டும். கேக்கை வெட்டும்போது, இன்ன பிழை விட்டேன் என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். எல்லோரும் சிரித்துச் சாப்பிடுவார்கள், அத்தோடு அந்தப் பிழை முடிந்துவிடும். அங்கே எல்லோரும் கேக் கொண்டுவந்திருக்கிறார்கள். நான் மட்டும் ஏழு வருடத்தில் ஒரு தரமும் கொண்டுபோனதில்லை. பிழையே விடாதவள் என்று பேர் எடுத்திருந்தேன். உண்மை என்னவென்றால், விட்ட பிழைகளை மற்றவர்கள் காணமுன்னம் சத்தமில்லாமல் திருத்திவிடுவேன். கேக்குக்குச் சிரிப்பது அவர்களுக்கு விளையாட்டு. எனக்கு அது ஃபாக்டரிக்குத் திரும்பிப் போகும் வாசல்.

அப்போதுதான் யானைப் படம் வந்தது. சிறுவர்களுக்கான முழுநீளப் படம். மேற்குக் கரையில் உள்ள எஸ்பியர்க் துறைமுகத்தில் ஒரு கப்பலிலிருந்து இறங்கும் யானைக்குட்டி, சர்க்கஸ்காரரோடு போய்விட்ட தன் தாயைத் தேடி, பனிக்காலத்தில் யூலாந்துக் குடாநாட்டைக் குறுக்கே நடந்து கடப்பதுதான் கதை. வசனம் மிகக் குறைவு. முக்கியப் படங்களை நாங்கள் வரைவது, பின்னணிக் காட்சிகளை லக்சம்பேர்க்கில் தீட்டுவது, இடைப்படங்களையும் நிறத்தையும் சென்னையில் முடிப்பது என்று ஏற்பாடு. குட்டியை யார் வரைவது என்று முதல் கூட்டத்தில் பேச்சு வந்தது. இங்கர் என்னைப் பார்த்தாள்.

"ராணி, நீ இலங்கைக்காரி. உனக்கு யானையைத் தெரியும்தானே?"

"யா, யா" என்றேன்.

ஓம் என்று அர்த்தம். அந்தச் சொல்தான் வாயில் முதலில் வரும். ஃபாக்டரியில் எதைக் கேட்டாலும் அதையே சொல்லிப் பழகிவிட்டோம். என்னை இடைப்படக்காரி நிலையிலிருந்து குட்டியின் முக்கிய ஓவியராக உயர்த்தினார்கள். கூட்டம் முடிந்து காருக்குப் போனபோதுதான் நடந்தது எனக்கு உறைத்தது. நான் யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரி. எங்கள் பக்கத்தில் காடும் இல்லை, யானையும் இல்லை. நான் வாழ்க்கையில் பார்த்த ஒரே யானை, கோயில் திருவிழாவில் சுவாமியைச் சுமக்கும் மர வாகனம். அதற்குக் கால் அசையாது.

மிருகக்காட்சிச்சாலைக்குப் போயிருக்கலாம்தான். போனால் நான் பார்த்ததில்லை என்பது எனக்கே உறுதியாகிவிடும் என்று போகவில்லை. இணையத்தில் யானைகள் நடக்கும் காட்சிகளை நூறு தரம் பார்த்து, எந்தக் கால் எப்போது எழும் என்று படித்துக்கொண்டேன். இங்கர் நடைபாதையில் என் குட்டியாக நடந்து பார்த்தாள். கால் தடுக்கவில்லை. கையெழுத்துப் போட்டாள்.

அந்தப் பனிக்காலம் முழுவதும் அந்தக் குட்டியோடுதான் வாழ்ந்தேன். காலையில் பிராண்டேயிலிருந்து புறப்படும்போது வயல்வெளியில் மூடுபனி வெள்ளைப் புகாராய்க் கிடக்கும். காற்றாலை இறக்கைகளை ஏற்றிய நீண்ட லொறிகள் மெதுவாக ஊர்ந்து போகும். அவற்றுக்குப் பின்னால் நானும் ஊர்வேன். புகாரின் ஓரத்தில் குட்டி கூடவே நடந்து வருவதாகத் தோன்றும். சிவப்பு விளக்கில் நான் நின்றால் அதுவும் நிற்கும். ஒரு நாள் அதற்கு வழி விடுவதற்காகக் காரை ஓரம் கட்டிவிட்டு, என்ன செய்கிறேன் என்று வெட்கப்பட்டு மறுபடி எடுத்திருக்கிறேன்.

கடைசிக் காட்சி, குட்டி தாயைக் காண்பது. அதற்காகத்தான் படமே. அதை நான் இரண்டு கிழமை வரைந்தேன். பனியில் நின்ற குட்டி தாயைக் காண்கிறது. வாலைத் தூக்கிக்கொண்டு துள்ளுகிறது, நாலு காலும் காற்றில். பாய்ந்து போய்த் தாயின் பின்னங்கால்களுக்கு நடுவில் தலையை நுழைத்து, முட்டி முட்டிப் பால் குடிக்கிறது. புரட்டிப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கியது. இங்கர் நடைபாதையில் துள்ளிப் பார்த்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். கையெழுத்து விழுந்தது. தாள் கட்டுகள் ஸ்கேன் செய்யப்பட்டுச் சென்னைக்குப் போயின.

நாலாம் நாள் காலை, ஸ்டூடியோவில் எனக்குத் தொலைபேசி வந்தது. செந்தில் என்ற பையன், சென்னையில் இடைப்படம் வரைபவர்களில் ஒருவன். பிழைகளை ஆங்கிலத்தில் ஒரு படிவத்தில் எழுதி இங்கருக்கு அனுப்புவதுதான் அவர்களுடைய முறை. அவன் காட்சிக் கோப்பில் என் பெயரைப் பார்த்துவிட்டு நேரே என்னை அழைத்திருந்தான்.

"மேடம், நீங்க தமிழ்தானே? தப்பா நெனைச்சுக்காதீங்க. ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்கோ தம்பி."

"இது யானைக்குட்டிங்களா, கன்னுக்குட்டிங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. "என்ன கதைக்கிறீங்கள்? தும்பிக்கை தெரியேல்லையோ?"

"தும்பிக்கை இருக்குங்க மேடம். ஆனா யானை துள்ளாது. எவ்வளவு வேகமா போனாலும் ஒரு காலாவது தரையில இருக்கும். அப்புறம்..." கொஞ்சம் தயங்கினான். "யானைக்கு மடி முன்னாடி இருக்கும் மேடம். முன்னங்காலுக்கு நடுவுல. குட்டி அங்கதான் போகும். பின்னாடி போனா அங்க ஒண்ணும் இல்ல."

அவனுடைய அப்பா நீலகிரிக் காட்டில் ஒரு யானை முகாமில் பாகனாக இருந்தவராம். அவன் பிறந்து வளர்ந்ததே அங்கேதான். அவன் சொல்லச் சொல்ல என் காது சுட்டது. எங்கள் வீட்டில் மாடு இருந்தது. கன்றை அவிழ்த்துவிட்டதும் வாலைத் தூக்கிக்கொண்டு அது துள்ளும், பின்பக்கமாகப் போய் முட்டும். நான் யானைத் தோலைப் போர்த்தி அந்தக் கன்றைத்தான் வரைந்திருந்தேன். யூலாந்தில் மாட்டைக் காணாமல் வளர்ந்தவர்கள் இல்லை. அதனால் பார்த்த அத்தனை பேருக்கும் அது சரியாகவே பட்டிருக்கிறது. மடி எங்கே என்று யாரும் தேடவில்லை. தெரிந்ததாக நினைப்பதை யார் தேடிப் பார்க்கிறார்கள்?

"தம்பி, காட்சி கையெழுத்தாகிட்டுது" என்றேன். "நீங்கள் இடைப்படத்தைப் போடுங்கோ. அது போதும்."

"சரிங்க மேடம்" என்றான். பிறகு, "நான் ஃபார்ம்ல எதுவும் எழுதலை. நீங்களே பாத்துக்கோங்க" என்று சொல்லி வைத்தான்.

அவன் எழுதியிருந்தால் எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. முடிவை என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டான். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். யானை தெரியும் என்று பொய் சொல்லி அந்த இடத்தைப் பிடித்தவள் என்பது வெளிவரும். இரண்டு கிழமை வேலை குப்பைக்குப் போகும், மூன்று நாட்டு அட்டவணை குழம்பும், நான் மறுபடி இடைப்படத்துக்கோ அதற்கும் கீழேயோ போவேன். சொல்லாவிட்டால் ஒன்றுமே நடக்காது. டென்மார்க்குப் பிள்ளைகளுக்கு யானையின் மடி தெரியவா போகிறது?

அதற்கடுத்த மூன்று நாளும் புகாருக்குள் குட்டி வரவில்லை. அதுதான் என்னை உருக்கியது. வயல் வெறும் வயலாகக் கிடந்தது. ஒருவேளை தாயின் பின்னங்கால்களுக்கு நடுவில் பால் தேடிக்கொண்டு, ஒன்றும் கிடைக்காமல் அங்கேயே நிற்கிறதோ என்று நினைத்தேன். நினைத்ததும் காருக்குள் அழுதுவிட்டேன். வரைந்தவள் நான். படம் ஓடும் காலமெல்லாம் அதைப் பட்டினி போடப்போகிறவளும் நான்தான்.

வியாழன் மாலை வீட்டில் பட்டர் கேக் போட்டேன். பதினான்கு வயது மகள் மீரா குசினிக்குள் எட்டிப் பார்த்தாள். ஸ்டூடியோ வழக்கம் அவளுக்குத் தெரியும்.

"அம்மா, என்ன செய்தனீங்கள்?" என்று தமிழில் கேட்டாள். எங்களோடு எப்போதும் டேனிஷில் பதில் சொல்பவள் தமிழில் கேட்டால் விஷயம் பெரிது என்று அர்த்தம். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மாவு ஒட்டிய கரண்டியை நக்கிக்கொண்டே கேட்டுவிட்டு, "சாய் டே நூ பாரா, மோர்" என்றாள். சொல்லிவிடுங்களேன் அம்மா என்று அர்த்தம். அவளுக்கு அது அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை நான் கேக் தட்டோடு உள்ளே போனதும் பேச்சு அப்படியே நின்றது. ஒருவர், "ராணிக்குப் பிறந்தநாளா?" என்று கேட்டார். கத்தியைக் கையில் எடுத்தேன், ஆனால் வெட்டவில்லை.

"நான் யானையே பார்த்ததில்லை" என்றேன். "அன்றைக்குப் பொய் சொன்னேன். கடைசிக் காட்சியில் இருப்பது மாட்டுக்கன்று. யானைக்கு மடி முன்னால் இருக்கிறது. சென்னையில் ஒரு பையன் கண்டுபிடித்தான். பிழை முழுக்க என்னுடையது."

ஒருவரும் சிரிக்கவில்லை. அட்டவணை வைத்திருப்பவர் கண்ணை மூடிக்கொண்டார். இங்கர் என்னைப் பார்க்காமல் என் கால்களைப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். எழுந்து நடைபாதைக்குப் போய், முழங்காலில் நின்று, கையை ஊன்றினாள்.

"நான் குட்டி. நீ தாய்" என்றாள். "எங்கே வர வேண்டும், காட்டு."

"எனக்குத் தெரியாது" என்றேன்.

"தெரிந்தவனைக் கூப்பிடு."

மடிக்கணினியைத் தரையில் வைத்துச் செந்திலைக் காணொளியில் அழைத்தோம். ஆறடிக் குட்டியும் ஐந்தடித் தாயுமாக நாங்கள் நாலு காலில் நிற்பதைப் பார்த்து அவன் திரைக்குக் கிட்டே வந்தான்.

"அவங்களை ஓட வேணாம்னு சொல்லுங்க மேடம்" என்றான். நான் டேனிஷில் சொன்னேன். "ஒரு தடவை எங்க முகாம்ல குட்டி ஒண்ணு தொலைஞ்சு ரெண்டு நாள் கழிச்சு வந்துச்சு. அது ஓடி வரலை. தூரத்துலயே நின்னுடுச்சு. பயமோ என்னவோ. அம்மாதான் நடந்து வந்துச்சு. தும்பிக்கையால அதோட வாயைத் தொட்டுப் பாத்துச்சு. அப்புறம் பக்கத்துல வந்து நின்னு, முன்னங்காலை ஒரு எட்டு முன்னாடி எடுத்து வெச்சுச்சு. அப்பதான் குட்டிக்கு எடம் கிடைக்கும். குட்டி தும்பிக்கையைத் தூக்கி ஓரமா போட்டுட்டு வாயால குடிச்சுச்சு. அவ்வளவுதாங்க."

நான் அதை மொழிபெயர்த்துக்கொண்டே நடைபாதையில் தவழ்ந்து போனேன். இங்கர் அசையாமல் நின்றாள். பக்கத்தில் போய் என் வலது கையை ஒரு எட்டு முன்னால் எடுத்து வைத்தேன். அந்தப் பெரிய தலை, நரைத்த கூந்தலோடு, என் தோளுக்குக் கீழே வந்து சாய்ந்தது. எங்களைச் சுற்றி அத்தனை பேரும் கையில் காப்பிக் கோப்பையோடு நின்றார்கள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. கனவில் நேரம் தெரியாதது போலத்தான்.

இங்கர் எழுந்து முழங்காலைத் தட்டினாள். "இகென்" என்றாள். பிறகு அட்டவணைக்காரரிடம், "ராணிதான் வரைவாள். அந்தப் பையனும் அவளோடு. எத்தனை நாள் தர முடியும்?" என்று கேட்டாள். அவர் பதினொரு நாள் என்றார். கேக்கை அதற்குப் பிறகுதான் வெட்டினோம்.

பதினொரு நாளும் செந்திலும் நானும் சேர்ந்து வரைந்தோம். நான் மாலையில் அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போவேன், மறுநாள் நான் காரை நிறுத்தும் நேரத்தில் அவனுடைய திருத்தங்கள் வந்திருக்கும். மூன்றாம் நாளில் மேடம் போய் அக்கா வந்தது. முன்னங்காலை எடுத்து வைக்கும் அந்த ஒரு எட்டுக்கு மட்டும் இருபத்தாறு படம் வரைந்தோம். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, லொறிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது, புகாரின் ஓரத்தில் குட்டி மறுபடி வந்தது. இம்முறை அது தனியாக வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மேசையில் ஒரு கேக் இருந்தது. கடையில் வாங்கியது, ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. யாருடையது என்று பார்த்தால் இங்கர் கத்தியோடு நிற்கிறாள். "இலங்கைக்காரி என்றால் யானை தெரியும் என்று நினைத்தேன்" என்றாள். "நான் கடல் சூழ்ந்த டென்மார்க்குக்காரி. எனக்குத் திமிங்கிலம் தெரியாது." அப்போதுதான் எல்லோரும் சிரித்தார்கள். என்னுடைய கேக்குக்குச் சிரிக்க வேண்டியதையும் சேர்த்துச் சிரித்தார்கள் என்று நினைக்கிறேன்.

படம் சில்க்போர்க்கில் திரையிட்ட அன்று நானும் கணவரும் மீராவும் போனோம். கடைசிக் காட்சியில் இசையை நிறுத்தியிருந்தார்கள். பனி மட்டும் விழுகிறது. குட்டி தூரத்தில் நிற்கிறது, தாய் நடந்து வருகிறது, வாயைத் தொடுகிறது, முன்னங்காலை ஒரு எட்டு எடுத்து வைக்கிறது. பிள்ளைகள் நிறைந்த அரங்கில் ஒரு சத்தம் இல்லை. மீரா இருட்டில் என் கையைப் பிடித்தாள். பெயர்கள் ஓடியபோது, குட்டி யானை என்ற வரியில் என் பெயரும் செந்தில் பெயரும் ஒன்றாக வந்தன. அதை நான் கேட்டு வாங்கியிருந்தேன்.

சில மாதம் கழித்துச் செந்தில் தொலைபேசியில் வந்தான். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்திருக்கிறானாம். தன் கைபேசியில் அந்தக் காட்சியை அப்பாவுக்குக் காட்டியிருக்கிறான். வேலையை விட்டு வெகுகாலமான மனிதர், கண்ணும் அவ்வளவு தெரியாது. கைபேசியை முகத்தருகில் பிடித்து இரண்டு தரம் பார்த்தாராம்.

"பாத்துட்டு, இதை வரைஞ்ச பொண்ணு எந்த முகாம்ல இருந்துச்சுன்னு கேக்குறாருக்கா. இங்கதான் உக்காந்திருக்காரு. என்ன சொல்லட்டும்?"

தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"பிராண்டேயில எண்டு சொல்லுங்கோ தம்பி."

அவன் சொல்வது கேட்டது. முதியவர் ஏதோ கேட்டார்.

"அங்க ஆனையெல்லாம் நல்லா இருக்கான்னு கேக்குறாரு."

சன்னலுக்கு வெளியே பார்த்தேன். காலைப் புகார் இன்னும் வயலிலிருந்து எழவில்லை.

"ஓம்" என்றேன். "தாயும் பிள்ளையும் நல்லா இருக்கினம் எண்டு சொல்லுங்கோ."